வாசகர் கேள்வி – பதில்: ‘எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம்?’

சென்ற இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று, இன்றைய இளைஞர்கள் பெரியவர்களை மதிப்பதில்லை, உடல் வணங்கி உழைப்பதில்லை, புத்தகத்தைத் தொடுவதில்லை என்று மூன்று குற்றங்களைச் சாட்டியிருந்தது. ஆதரித்தும் மறுத்தும் கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த இதழின் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

‘இன்றைய பிள்ளைகள் ஆடம்பரத்தை விரும்புகிறார்கள், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதில்லை, பெற்றோரை எதிர்த்துப் பேசுகிறார்கள், ஆசிரியர்களை ஆட்டிப் படைக்கிறார்கள்’ என்று சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு செய்தி எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிறது. இது உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்

சாக்ரடீஸ் அப்படிச் சொன்னதாகப் பழைய நூல் எதிலும் இல்லை. அவர் தம் கைப்பட எதையும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி எழுதிய பிளேட்டோவிடமும் செனோஃபனிடமும் இந்த வரிகள் காணப்படவில்லை. இவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த கென்னத் ஜான் ஃப்ரீமன் என்பவர் பண்டைக் கிரேக்கக் கல்விமுறையைப் பற்றி எழுதி, 1907இல் நூலாக வெளிவந்த ஆய்வேட்டில் உள்ளவை. அக்காலத்துக் கிரேக்கப் பெரியவர்கள் இளைஞர்கள்மீது என்னென்ன குறை சொன்னார்கள் என்பதை ஃப்ரீமன் தம் சொந்த நடையில் தொகுத்துத் தந்திருந்தார். அந்தத் தொகுப்பை யாரோ மேற்கோள் குறிகளுக்குள் அடைத்து, அதற்கு ஒரு பெரிய பெயரையும் சூட்டிவிட்டார்கள். 1966இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மேயரே, தெருவில் ஆர்ப்பாட்டம் செய்த இளைஞர்களைக் கண்டிக்கும்போது இதைச் சாக்ரடீசின் வாக்காக எடுத்துக்காட்டினார் என்றால், வாட்ஸ்அப் குழுவை நாம் அதிகம் குறை சொல்வதற்கில்லை.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஃப்ரீமனின் வயதை. நூல் அச்சேறுவதற்கு முன்பே, 1906இல், அவர் தமது 24ஆம் வயதில் காலமாகிவிட்டார். உலகெங்கும் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளை நோக்கி வீசும் அந்த வாசகத்தை எழுதியவர், பல்கலைக்கழகத்தை விட்டு முழுதாக வெளியே வராத ஓர் இளைஞர்.

ஆனால் ஃப்ரீமன் எதையும் கற்பனை செய்யவில்லை. ஒவ்வொரு குறைக்கும் கிரேக்க மூலம் உண்டு. கி.மு. 423இல் ஏதென்சில் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் ‘மேகங்கள்’ என்ற நகைச்சுவை நாடகத்தில், பழைய கல்வியின் சார்பாக வாதாட வரும் பாத்திரம் அந்தக் காலத்துச் சிறுவர்களை வானளாவப் புகழ்கிறது. மாவு சலித்ததுபோல் பனி கொட்டினாலும் மேலாடை இல்லாமல் வரிசையாக நடந்து இசை ஆசிரியர் வீட்டுக்குப் போவார்களாம்; சாப்பிடும்போது பெரியவர்களுக்கு முன்பாகக் கையை நீட்டி முள்ளங்கியை எடுக்கமாட்டார்களாம்; தின்பண்டத்துக்கு ஆலாய்ப் பறக்கமாட்டார்கள், கிளுகிளுவென்று சிரிக்கமாட்டார்கள், கால்மேல் கால் போட்டு உட்காரமாட்டார்களாம். மாரத்தான் போரில் பாரசீகரை வென்ற வீரர்களை உருவாக்கியது இந்த வளர்ப்புதான் என்று அந்தப் பாத்திரம் மார்தட்டுகிறது. நாடக ஆசிரியர் இதை முழு மனத்தோடு எழுதினாரா, கிழவர்களைக் கிண்டல் செய்தாரா என்று சொல்வது கடினம். வாதத்தின் முடிவில் அந்தப் பழைமைவாதி தோற்று எதிர்க்கட்சியிலேயே சேர்ந்துவிடுகிறது.

அதே நாடகத்தில் இளைஞர்களைக் கெடுக்கும் ஆசிரியராகக் கேலி செய்யப்படுபவர் யார் என்றால், சாக்ரடீஸ். அவரிடம் பேச்சுக்கலை பயிலும் மகன் கடைசியில் தந்தையை அடித்துவிட்டு, அடித்தது நியாயமே என்று வாதமும் செய்கிறான். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, கி.மு. 399இல், எழுபது வயதுச் சாக்ரடீஸ்மீது ஏதென்ஸ் நகரம் சாட்டிய குற்றங்களுள் ஒன்று இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. அந்த வழக்கில்தான் அவர் நஞ்சருந்தி இறக்க நேர்ந்தது. இளைய தலைமுறை கெட்டுவிட்டது என்ற புகாருக்கு உயிரையே விலையாகக் கொடுத்த மனிதரின் வாயிலேயே அந்தப் புகாரைத் திணித்திருக்கிறோம்.

அப்படியானால் 4,800 ஆண்டுகளுக்கு முந்தைய அசீரியக் களிமண் பலகையில் ‘பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிவதில்லை, எல்லோரும் புத்தகம் எழுத ஆசைப்படுகிறார்கள், உலகம் அழியப்போகிறது’ என்று எழுதியிருப்பதாகச் சொல்வதும் பொய்தானா?
– வாசகர், நாகர்கோவில்

அப்படியொரு பலகையை இன்ன அருங்காட்சியகத்தில் இன்ன எண்ணில் இருக்கிறது என்று யாரும் அடையாளம் காட்டியதில்லை. எல்லோரும் புத்தகம் எழுத ஆசைப்படுகிறார்கள் என்ற வரியே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது; எழுதத் தெரிந்தவர்களே மிகச் சிலராக இருந்த காலத்தில் அந்தக் கவலை யாருக்கு வந்திருக்கும்?

பொய்ப் பலகைக்காக வருந்த வேண்டாம், மெய்யான பலகைகளே இருக்கின்றன. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த சுமேரியாவின் எழுத்துப் பள்ளிகளில் வழங்கிய ஓர் உரையாடலைச் சாமுவேல் நோவா கிராமர் என்ற அறிஞர் பல துண்டுகளிலிருந்து ஒன்றுசேர்த்து மொழிபெயர்த்தார். நமக்குக் கிடைத்துள்ள படிகள் ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் பழமையானவை. எழுத்தர் தொழில் செய்யும் ஒரு தந்தைக்கும் அவருடைய மகனுக்கும் நடக்கும் பேச்சு அது.

‘எங்கே போயிருந்தாய்?’ என்று தொடங்குகிறார் தந்தை. ‘எங்கும் போகவில்லை’ என்கிறான் மகன். ‘எங்கும் போகவில்லையென்றால் ஏன் இப்படிச் சோம்பித் திரிகிறாய்? பள்ளிக்குப் போ, பாடத்தை ஒப்பி, பையைத் திற, பலகையை எழுது. வேலை முடிந்ததும் நேராக என்னிடம் வா, தெருவில் அலையாதே. நான் சொன்னது புரிந்ததா?’ என்று கேட்டு, அவன் வாயாலேயே அத்தனையையும் திரும்பச் சொல்ல வைக்கிறார். பிறகு தொடங்குகிறது உண்மையான அர்ச்சனை. பொது இடத்தில் நிற்காதே, தெருவில் நடக்கும்போது சுற்றுமுற்றும் பார்க்காதே, பள்ளிக் கண்காணிப்பாளரிடம் அடக்கமாக இரு என்கிறார். நாணல் சுமக்க உன்னை அனுப்பினேனா, ஏர் ஓட்டச் சொன்னேனா, உழைத்து என்னைக் காப்பாற்று என்று ஒரு நாளாவது கேட்டேனா என்று அடுக்குகிறார். மற்றப் பிள்ளைகள் பெற்றோருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள், நீயோ இரவும் பகலும் என்னை வதைக்கிறாய் என்று புலம்புகிறார். இத்தனைக்கும் பிறகு, பெற்ற மனம் கேட்காமல், வாழ்த்திவிட்டுத்தான் முடிக்கிறார். பெயரை மாற்றிவிட்டால் மதுரையிலோ மட்டக்களப்பிலோ நேற்றிரவு நடந்த பேச்சாக இதை நம்பிவிடலாம்.

இந்த உரையாடல் எழுத்துப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பயிற்சிப் பாடமாக இருந்தது. இது நம் கைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணமே, வீட்டில் இதே வசையைக் கேட்டுவிட்டு வந்த பையன்கள் பள்ளியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியதுதான்.

பழைய நூல்களிலும் பெரியவர்கள் புலம்பினார்கள் என்கிறீர்கள். அந்தப் புலம்பலையே சந்தேகித்த பெரியவர் எவரும் அன்று இல்லையா?
– வழக்கறிஞர், திருச்சி

இருந்தார்கள், ஒரே குடும்பத்திலேயே இரு தரப்பும் இருந்ததுண்டு. இன்றைய ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த செனெகா, தம் முதுமையில், இளமையில் தாம் கேட்ட சொற்பொழிவாளர்களின் வாதங்களை நினைவிலிருந்து எழுதித் தம் மூன்று மகன்களுக்கு அர்ப்பணித்தார். வாலிபத்தில் 2,000 பெயர்களை ஒருவர் சொல்லக் கேட்டு அதே வரிசையில் ஒப்பித்த நினைவாற்றல் தமக்கு இருந்ததாக அதன் முன்னுரையில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அதே முன்னுரையில் அன்றைய ரோமாபுரி இளைஞர்களை அவர் வாரு வாரு என்று வாருகிறார்: அவர்களுடைய மூளை உறங்கிக் கிடக்கிறது, நல்ல காரியம் எதற்காகவும் ஒருவனும் கண் விழிப்பதில்லை, பாட்டிலும் கூத்திலும் மயங்கிக் கிடக்கிறார்கள், தலைமுடியைச் சுருட்டி அழகு பார்க்கிறார்கள், பெண்களைப்போலக் குரலை மெலிய வைத்துப் பேசுகிறார்கள் என்றெல்லாம். உங்கள் தலைமுறையில் எவன் உருப்படியாக இருக்கிறான் என்று பெற்ற மகன்களிடமே கேட்கிறார்.

அந்த மகன்கள் என்ன ஆனார்கள் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மூத்தவர் வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போய்க் கல்லியோன் என்ற பெயர் பெற்று, கிரேக்கத்தின் அகாயா மாகாணத்தை ஆண்டார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், பவுலின் மீதான வழக்கை விசாரிக்க மறுத்து அனுப்புகிறவர் அவர்தான் என்பதால், விவிலியம் படிக்கும் நம் வாசகர்களுக்கு அவர் பழக்கமானவரே. இளையவர் மேலாவின் மகன் புகழ்பெற்ற கவிஞர் லூக்கன். நடுவிலவர் தத்துவ அறிஞர் செனெகா. தந்தைக்கு அவர் வெளிப்படையாகப் பதில் எழுதியதில்லை என்றாலும், நன்மை செய்வதைப் பற்றிய தம் நூலில், ஒழுக்கம் கெட்டுவிட்டது, தீமை தலைவிரித்தாடுகிறது என்று நம் முன்னோர் புலம்பினார்கள், நாம் புலம்புகிறோம், நமக்குப் பின் வருகிறவர்களும் புலம்புவார்கள் என்றும், உண்மையில் குற்றங்கள் கடல் அலையைப்போலக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைகின்றனவே தவிர அங்கேயேதான் இருக்கின்றன என்றும் எழுதினார். அவரும் முழுக்கத் தப்பவில்லை. 86ஆம் கடிதத்தில், தமக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த தளபதி சிப்பியோவின் இருண்ட சிறு குளியலறையைப் பார்த்துவிட்டு, பளிங்குச் சுவரும் பெரிய சன்னலும் இல்லாமல் குளிக்க முடியாத தம் காலத்தவரை அவரும் ஒரு பிடி பிடிக்கிறார்.

ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் இதைவிடச் சுவையானவர். பாட்டன்மாரைவிடப் பெற்றோர் மோசம், பெற்றோரைவிட நாம் மோசம், நமக்குப் பிறக்கப்போகிறவர்கள் எல்லோரையும்விட மோசம் என்று தம் பாடல் ஒன்றில் பாடியவர் அவர். பின்னர் கவிதைக்கலை பற்றி எழுதும்போது, நாடகத்தில் கிழவனை எப்படிப் படைக்க வேண்டும் என்று அவரே சொல்லித் தருகிறார்: சிடுசிடுப்பு, ஓயாத முணுமுணுப்பு, தான் சிறுவனாக இருந்த காலத்தைப் பற்றிய புகழ்ச்சி, இளையவர்களைத் திருத்துவதும் தண்டிப்பதும்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முன்பிருந்த மாணவர்களைப்போல் இப்போதுள்ளவர்கள் படிப்பதில்லை என்பதைக் கண்ணால் காண்கிறேன். எல்லாக் காலத்திலும் இப்படித்தான் சொன்னார்கள் என்று கூறி என் அனுபவத்தைத் தள்ளிவிட முடியுமா?
– பேராசிரியை, தஞ்சாவூர்

முடியாது; தள்ளவும் கூடாது. எல்லாக் காலத்திலும் ஒரு புகார் எழுந்தது என்பது, இந்த முறை எழுந்த புகார் பொய் என்பதற்குச் சான்றாகாது. இதை மறந்துவிட்டுப் பழைய மேற்கோளைக் காட்டிப் பெரியவர்களின் வாயை அடைப்பவர்கள் வாதத்தில் குறுக்கு வழி போகிறார்கள். ஆனாலும் உங்களுக்கு மட்டும் குறிப்பாகப் பொருந்தக்கூடிய ஓர் ஆய்வு உண்டு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவைச் சேர்ந்த 3,458 பேரிடம் மூன்று குணங்களைப் பற்றிக் கேட்டார்கள்: பெரியோரை மதித்தல், அறிவுக்கூர்மை, படிப்பார்வம். அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதைப் பெரிதாக நினைப்பவர்கள் பிள்ளைகளிடம் மரியாதை குறைந்துவிட்டது என்றார்கள். அறிவுத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் பிள்ளைகளின் அறிவு மங்கிவிட்டது என்றார்கள். நிறையப் படித்தவர்கள், பிள்ளைகள் படிப்பதில்லை என்றார்கள். தமக்கு எது கைவந்ததோ, அந்த ஒன்றில்தான் இளையவர்களின் குறை அவர்கள் கண்ணை அதிகம் உறுத்தியது. இதற்கு ஆய்வாளர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று நினைவைச் சார்ந்தது. நம் சிறுவயதுத் தோழர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு நம்மிடம் பதிவேடு ஏதும் இல்லை. ஆகவே இன்று நாம் இருக்கும் நிலையை எடுத்து அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோர்மீதும் போர்த்திவிடுகிறோம். உங்களுக்கு வாசிப்பறிவு குறைவு என்று வேண்டுமென்றே தவறாகச் சிலரிடம் சொல்லிப் பார்த்தபோது, அன்றைய பிள்ளைகளைப் பற்றிய அவர்களுடைய உயர்ந்த அபிப்பிராயமும் சற்று இறங்கிவிட்டது.

உங்களோடு எம்.ஏ. வகுப்பில் இருந்தவர்களுள், பாடநூலைத் தாண்டி நூலகத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பேராசிரியராகும் அளவுக்குப் படித்தவர் அந்த வகுப்பின் சராசரி மாணவியாக இருந்திருக்க மாட்டார். தாம் இருந்த முதல் வரிசையை இன்றைய வகுப்பு முழுவதோடும் ஒப்பிடுவது எல்லா ஆசிரியர்களுக்கும் நேர்வதே.

உங்கள் கல்லூரியில் அந்தக் காலத்து நூல் வழங்கல் பதிவேடுகளோ பழைய விடைத்தாள்களோ எஞ்சியிருந்தால், இன்றையவற்றோடு வைத்துப் பாருங்கள். நினைவைவிட அவை நம்பத்தக்கவை. இப்படி அளந்து பார்த்த இடங்களில் விடை இரு பக்கமும் வந்திருக்கிறது. ஜேம்ஸ் ஃபிளின் என்பவரின் பெயரால் வழங்கும் கண்டுபிடிப்பின்படி, கடந்த நூற்றாண்டில் பல நாடுகளில் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகள் வீதம் உயர்ந்து வந்தது; மூளை மழுங்கிவிட்டது என்று தாத்தாக்கள் வருந்திய அதே காலத்தில்தான் இந்த ஏற்றம். நார்வேயிலோ, 1975க்குப் பிறகு பிறந்து படைச் சேர்ப்புத் தேர்வை எழுதிய இளைஞர்களின் மதிப்பெண் இறங்குமுகமாக இருக்கிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கிடையிலும் அந்த இறக்கம் தெரிவதால், பரம்பரையை விட்டுவிட்டுச் சூழலில்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அங்கே கவலைப்பட்ட பெரியவர்களிடம் ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

என் மகனுக்குப் பதினான்கு வயது. எந்நேரமும் கைப்பேசியில் விளையாட்டு. இதையும் அந்தக் காலப் புலம்பல் என்றுதான் சொல்வீர்களா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

உங்கள் கவலையைப் புலம்பல் என்று சொல்லமாட்டேன், அம்மா. தூக்கமும் பாடமும் கெடுகின்றனவா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. விளையாட்டின் பெயரைக் கேட்டே பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். 1859 ஜூலையில் அமெரிக்காவின் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ், நாடெங்கும் பரவிவரும் ஒரு கேடான மோகத்தைக் கண்டித்து எழுதியது. மிகத் தாழ்ந்த தரத்துப் பொழுதுபோக்கு, மூளையின் அரிய நேரத்தைக் கொள்ளையடிக்கிறது, உடம்புக்கு எந்தப் பயனும் இல்லை, உட்கார்ந்து வேலை செய்பவர்கள் திறந்தவெளிக்குப் போய் உடற்பயிற்சி செய்ய வேண்டியிருக்க இதில் போய் விழுகிறார்களே என்று அது வருந்திய விளையாட்டு, சதுரங்கம். 2024இல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றபின், பிள்ளையைச் செஸ் வகுப்பில் சேர்க்கக் கட்டணம் கட்டிக் காத்திருக்கும் பெற்றோர் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

சங்கப் புலவர்களும் இளைஞர்களைத் திட்டியிருக்கிறார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இளமையையும் முதுமையையும் எதிரெதிரே நிறுத்தும் சங்கப் பாடல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது புறநானூறு 243. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். மகளிரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், துறையில் தாழ்ந்திருந்த மருதமரத்துக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் மருள, நீர்த்துளி சிதறத் துடுமெனக் குதித்து, ஆழத்திலிருந்து மணலை அள்ளிவந்து காட்டியதையும் ஒரு கிழவர் நினைத்துப் பார்க்கிறார். ‘கல்லா இளமை அளிதோ தானே, யாண்டுண்டு கொல்லோ’ என்று இரங்குகிறார். இப்போது கையில் தடி, உடம்பில் நடுக்கம், இருமலுக்கு இடையே சில சொற்கள்.

அந்தத் துறையில் அவர் பாடிய நாளிலும் பையன்கள் குதித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு எங்களைப்போல் குதிக்கத் தெரியவில்லை என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. போனது தம் இளமை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதை ஊரின் வீழ்ச்சியாக அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இந்தக் கேள்விகளுக்காகப் புரட்டிய பழம்பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உலகம் சரியாக எந்த ஆண்டிலிருந்து கெடத் தொடங்கியது?
– குறும்புக்கார வாசகர், விருதுநகர்

நீங்கள் பிறந்த ஆண்டிலிருந்து. ஆடம் மஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் இருவரும் 2023இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது 60 நாடுகளின் மக்கள் ஒழுக்கம் தேய்ந்துவருவதாக நம்புகிறார்கள் என்றும், குறைந்தது 70 ஆண்டுகளாக இப்படி நம்பிவருகிறார்கள் என்றும் காட்டினார்கள். அந்தத் தேய்வு தாம் பிறப்பதற்கு முன் இருந்ததாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தமக்கு நேரில் தெரிந்தவர்களும் கெட்டுப்போகவில்லையாம்.

பெரியவர்கள் எங்களைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்திருக்கிறார்களே, பெரியவர்களைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, சேலம்

அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார், தம்பி தங்கைகள் அனைவரும் படித்துச் சிரிக்கத்தக்க வகையில். பேச்சுக்கலையைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியில், மேடையில் பேசுகிறவன் கேட்போரின் வயதறிந்து பேச வேண்டும் என்பதற்காக, மூன்று பருவத்தாரின் குணங்களை அவர் வரிசையாகச் சொல்கிறார். இளைஞர்கள் ஆசை மிகுந்தவர்கள், சட்டென்று கோபப்படுவார்கள், எல்லாம் தெரிந்ததாக நினைப்பார்கள், எதிலும் அளவு மீறுவார்கள். ஆனால் நம்பிக்கை உள்ளவர்கள், பணத்தைப் பெரிதாக நினைக்காதவர்கள், இலாபத்தைவிட நல்ல பெயரை விரும்புகிறவர்கள். பெரியவர்களோ பலமுறை ஏமாந்தவர்கள் என்பதால் எதையும் உறுதியாகச் சொல்லாமல் ‘இருக்கலாம், இருக்கலாம்’ என்று இழுப்பார்கள், எல்லோரையும் சந்தேகிப்பார்கள், காசை இறுகப் பிடிப்பார்கள். எதிர்காலம் குறுகி இறந்தகாலம் நீண்டுவிட்டதால், நம்பிக்கையை விட்டு நினைவில் வாழ்கிறார்கள். பழங்கதையை ஓயாமல் பேசுவதற்கும் அதுவே காரணம் என்கிறார்.

இருவருடைய நல்ல குணங்களும் சேர்ந்து, இருவருடைய மிகைகளும் நீங்கியிருப்பது நடுவயதில்தானாம். உடல் 30 முதல் 35 வயதுக்குள்ளும், மனம் ஏறத்தாழ 49 வயதிலும் உச்சத்தை அடைகிறது என்று எண் போட்டே சொல்லிவிடுகிறார். அவர் பிறந்தது கி.மு. 384இல், ஏதென்சில் தம் சொந்தப் பள்ளியைத் தொடங்கியது கி.மு. 335இல். கழித்துப் பார்த்துவிட்டு, அந்த 49ஐ எவ்வளவு தூரம் நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.